அந்தப் பக்கம் கரண்ட் உண்டு

விசேஷம் ஒன்றுமில்லை.
ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான்.
ஆறு மணிக்கு வாருங்க என்று
மெற்றில்டாவிடமும்
ஜெராக்ஸ் கடை சுல்பத்திடமும் சொல்லியிருந்தேன்.
சொல்லாமலே வந்துவிடும்
சுல்பத்தின் பிள்ளைகள் மூன்று.

மட்டிப்பழம் தோல் கறுத்துக் கிடந்தது.
கறுத்தால்தான் கேக்குக்கு இனிக்கும்.
இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர்
குப்பைக்குப் போக வேண்டியதை
விருந்துக்கு வைக்கிறாள் என்பார்.
சொல்லவில்லை.
பிசைய ஆரம்பித்ததும்
அடுக்களை வாசலுக்கு வந்தார்,
மூக்கு முதலில், ஆள் பிறகு.

ஏலக்காய் ஐந்து. சுக்கு ஒரு நகமளவு.
முட்டை நான்கில் ஒன்று
விரலிடையில் நழுவித் தரைக்குப் போனது.
பூனைக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே.

சீட்டுப் பணத்தில் வாங்கிய ஓவன்,
இன்னும் அட்டைப்பெட்டி வாசம் போகாதது,
வயிற்றில் மஞ்சள் விளக்கோடு முனகியது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் முழங்காலில்.
கோயிலில்கூட இத்தனை நேரம் நின்றதில்லை.
மாவின் விளிம்பு
தகரத்தைப் பற்றிப் பற்றி
மேலே ஏறிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டாம் நிமிடம்
கரண்ட் போனது.

ஓரம் வெந்திருக்கிறது.
நடு இன்னும் கூழ்.

இஞ்சிவிளையில் எங்கள் தெருவுக்கு
ஒரு ஓரம் தமிழ்நாடு, மறு ஓரம் கேரளம்.
இங்கே போனால் அங்கே இருக்கும்,
அங்கே போனால் இங்கே.
இருக்கிற வீட்டில் போய் மாவாட்டிக்கொள்வது
எந்த அரசாணையிலும் இல்லாத ஏற்பாடு.
எதிர்வீட்டு ஜன்னலுக்குள் மின்விசிறி சுற்றுகிறது.

“விலாசினி, ஓவன் சும்மாத்தானே கெடக்கு?”
“உள்ள பப்படமும் பழைய வாரிகையும் இருக்கு.
நீ வா, நான் எடுத்துப் போடுதேன்.”

துணியை நாலாய் மடித்து
கொதிக்கும் தகரத்தை ஏந்திக்கொண்டு நடந்தேன்.
தட்டக் கூடாது. தளும்பக் கூடாது.
பின்னால் வீட்டுக்காரர்
மழையே இல்லாத நேரத்தில் குடை பிடித்து வந்தார்,
காற்று படக்கூடாதாம்.
மீன்காரர் வண்டியை ஓரங்கட்டினார்,
ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதைப் போல.
தார்ச்சாலையின் நடுவில்
பழமும் ஏலமும் எழுந்து வந்த மணம்
எந்த மாநிலத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை.

விலாசினியின் ஓவன்
சூடாவதற்கு யோசித்துக்கொண்டே இருந்தது.
அதற்குள் கேக்
பெருமூச்சு ஒன்று விட்டு
நடுவில் உட்கார்ந்துவிட்டது.
வெந்து வெளியே வந்தபோது
ஒரு சிரட்டை ஆழத்துக்குப் பள்ளம்.

நான் அழுதேன் என்று இப்போதும் சொல்லித் திரிகிறாள்.
ஆவி கண்ணில் அடித்தது.

ஒரு வார்த்தை பேசாமல்
மேல்தட்டிலிருந்து பரணியை இறக்கினாள்.
சக்கை வரட்டி.
நெய் மினுங்கும் கறுப்பு.
கரண்ட் கெடுத்த இடத்தைக்
கரண்டி நிரப்பியது.
கரண்டியின் முதுகால் தடவித் தடவி
மேடு பள்ளம் தெரியாமல் ஆக்கிவிட்டு
விரலை நக்கினாள். எனக்கும் நீட்டினாள்.

வந்தவர்கள் எங்கள் வீட்டு இருட்டைப் பார்த்துவிட்டு
நேரே வெளிச்சத்துக்கு வந்தார்கள்.
மரச்சீனிப் பானை சாலையைக் கடந்தது.
நெத்திலி அவியல் கடந்தது.
உப்பு மறந்து, அதற்கு ஒருமுறை
மெற்றில்டா தனியே கடந்தாள்.
தட்டு போதாமல்
பானை மூடியில் சாப்பிட்டார் என் வீட்டுக்காரர்,
மூடியில்தான் அதிகம் கொள்ளும் என்று.

கேக்கை வெட்டியதும் சண்டை.
எல்லாருக்கும் நடுத்துண்டு வேண்டும்.
கடைக்குட்டி ஷிபானா
தன் பங்கின் ஓரத்தை அண்ணனுக்குத் தானம் செய்தாள்.
“இந்த நடுவுக்கு என்ன போட்டிய?” என்று சுல்பத்.
நான் விலாசினியைப் பார்த்தேன்.
விலாசினி பப்படம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்று திரும்பவும் ஞாயிறு.
அதே கேக்தான் வேண்டுமாம், அதே நடு.
பழம் கறுத்திருக்கிறது,
மாவு ஏறுகிறது,
கரண்ட் மட்டும் போகிற வழியைக் காணோம்.
எதிர்வீட்டில் விலாசினி
பப்படப் பொதிகளை வெளியே எடுத்து வைக்கும் சத்தம்.
வீட்டுக்காரர் குடையோடு தயார்.
இருபத்தொரு நிமிடம் ஆயிற்று.
ஸ்விட்சில் விரலை வைத்து நிற்கிறேன்.